அப்பாவின் கேசட்டுகளை என்ன செய்வது?

பெங்களூர் மாரத்தஹள்ளியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பிறந்து வளர்ந்தது மர்பி டவுன். அப்பா போன வருடம் காலமாகிவிட்டார். வீடு மாற்றும்போது பரணிலிருந்து இறங்கிய ட்ரங்குப் பெட்டியில் அறுபது எழுபது கேசட்டுகள் இருந்தனவாம். பாட்டெல்லாம் போனிலேயே கிடைக்கும்போது இவற்றை வைத்திருப்பதில் அர்த்தம் உண்டா என்பது அவர் கேள்வி. கூடவே இன்னொன்றும் கேட்கிறார். இப்போது வரும் பாட்டு எதுவும் மனதில் ஒட்டுவதில்லை. அன்றைக்கு இசை உண்மையிலேயே நன்றாக இருந்ததா, இல்லை தனக்கு வயதாகிவிட்டதா?

முதல் கேள்விக்கு உடனே சொல்லிவிடுகிறேன். தூக்கிப் போடாதீர்கள். ஏன் என்று விளக்கக் கொஞ்சம் நேரமாகும். 1982 முதல் 1999 வரை அல்சூர் பஜார் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் இருந்தவன் நான். எடுபிடிப் பையனாகச் சேர்ந்தேன், கடைசி ஏழு வருடம் கடையை நானே நடத்தினேன். மர்பி டவுன் அங்கிருந்து நடக்கிற தூரம். உங்கள் அப்பா எங்கள் கடைப் படியேறியிருக்கவும் கூடும். அதனால் இதை யாரோ ஒருவருக்குச் சொல்லும் பதிலாக எழுத என்னால் முடியவில்லை.

ரெக்கார்டிங் சென்டர் என்றால் என்னவென்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. கடையில் எல்.பி. ரெக்கார்டுகள், அதாவது பெரிய இசைத்தட்டுகள், சுவர் முழுக்க அடுக்கியிருக்கும். வருகிறவர் தனக்குப் பிடித்த பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார். நாங்கள் ஒவ்வொரு ரெக்கார்டாக எடுத்து, முள்ளை அந்தப் பாட்டின் மேல் இறக்கி, அவர் கேட்ட வரிசையில் வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுப்போம். முழுப் படத்தின் பாட்டுகளைக் கம்பெனி கேசட்டாக வாங்கலாம். ஆனால் இந்தப் படத்தில் ஒன்று, அந்தப் படத்தில் இரண்டு என்று பொறுக்கி எடுத்த தொகுப்பு வேண்டுமென்றால் எங்களிடம்தான் வர வேண்டும். இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் ஒரு பைசா போகாத தொழில் அது. சட்டப்படி தப்பு, 1984-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையையும் கூட்டினார்கள். அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை. அந்தக் கடன் மனதில் இருப்பதால்தான் இன்றுவரை பாட்டுக்குக் காசு கொடுத்தே கேட்கிறேன்.

சரி, அன்றைய இசை உயர்ந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். என்னிடம் அந்தக் காலத்து நோட்டுப் புத்தகங்கள் பதினொன்று இருக்கின்றன. யார் என்ன பாட்டு கேட்டார்கள் என்று தேதி போட்டு எழுதிய நோட்டுகள். போன மாதம்கூட 1985-ஆம் வருட நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் எனக்கே நினைவில்லாத பாட்டுகள். படத்தின் பேரும் மறந்துபோயிற்று, மெட்டும் மறந்துபோயிற்று. ஆனால் அந்த வாரம் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் வந்து அதைத்தான் கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கு நாம் அந்தக் காலத்துப் பாட்டு என்று சொல்லிக் கேட்பது நாற்பது வருடம் சலித்துச் சலித்து எஞ்சிய மணிகளை. உமியெல்லாம் எப்போதோ பறந்துவிட்டது. இன்று வரும் பாட்டுகளை உமியோடு சேர்த்துக் கேட்கிறோம். இரண்டையும் தராசில் வைத்தால் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவே வேண்டாம்.

இன்னொன்றும் அந்த நோட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒரு பெரியவர் வருவார். மில்லிலிருந்து ஓய்வு பெற்றவர். எம்.கே.டி. பாகவதர், ஜி.ராமநாதன் தவிர வேறு எதையும் கேட்க மாட்டார். நாங்கள் இளையராஜாவைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. அவர் கதவருகே நின்று, “இதெல்லாம் பாட்டாப்பா, ஒரே தாளச் சத்தம்” என்பார். 1944-இல் வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டதை ஒவ்வொரு முறையும் சொல்வார். அப்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். 1992-இல் ‘ரோஜா’ பாட்டுகள் வந்தபோது அதே வார்த்தைகளை என் வாயால் நானே சொன்னேன். எங்கள் கடை ஸ்பீக்கரால் அந்தக் கீழ்ச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை, கூம்பு அதிர்ந்தது. வாசலில் நின்ற பையன்கள் முகத்தைப் பார்த்தேன். 1983-இல் என் முகம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அந்தப் பெரியவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 1989-இல் அமெரிக்காவில் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு பேர் பல வயதினருக்கும் பல காலத்துப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். தங்களுக்குச் சுமார் 24 வயதாக இருந்தபோது பிரபலமாக இருந்த பாட்டுகள்தான் பெரும்பாலும் பிடித்திருந்தன. பொதுவாகவே, வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால் பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடையிலுள்ளவைதான் குவிந்து வருகின்றன. வாழ்க்கை ஒரு சமவெளி என்றால் அந்த இடத்தில் மட்டும் ஒரு மேடு. முதல் காதல், முதல் வேலை, முதல் சம்பளம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பாட்டும் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் உங்களுக்குப் பயன்படப்போவது 2013-இல் வந்த இன்னொரு ஆய்வு. கிரம்ஹான்ஸல், ஜுப்னிக் என்ற இருவர் இருபது வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்து ஐம்பத்தைந்து வருடப் பாட்டுகளிலிருந்து போட்டுக் காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டு பிடித்தது, அதில் ஆச்சரியமில்லை. அதோடு, தங்கள் பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலத்துப் பாட்டுகளுக்கும் அவர்கள் மனதில் தனியாக ஒரு மேடு இருந்தது. அதற்கும் பின்னால், தாத்தா பாட்டி காலத்துக்கும் சின்னதாக ஒன்று. பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே வந்த பாட்டுகள்! வீட்டில் ஓடியதைக் கேட்டு வளர்ந்ததால்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

நீங்கள் தொண்ணூறுகளில் வளர்ந்தவர். உங்கள் வயதுக்காரர்கள் பலர் பி.பி.ஸ்ரீனிவாஸ் குரல் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் காலத்துக் குரலே இல்லை, அப்பா ஞாயிற்றுக்கிழமை சவரம் செய்யும்போது ஓடிய குரல். ஆக, அந்த ட்ரங்குப் பெட்டி அப்பாவின் இளமை மட்டுமில்லை, உங்கள் மனதில் உள்ள ஒரு மேட்டின் மண்ணும் அதில்தான் இருக்கிறது.

பாட்டெல்லாம் போனில் கிடைக்கிறது என்கிறீர்கள். கிடைக்கிறது, உண்மை. வரிசை கிடைக்காதே.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஒரு பாட்டு நாலு, நாலரை நிமிடம். ஆக, பக்கத்துக்கு ஆறு பாட்டு, மிஞ்சினால் ஏழு. இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு அல்லது பதிமூன்று. அதற்குமேல் இடமில்லை. வருகிறவர் இருபது பாட்டு எழுதிக்கொண்டு வருவார். எட்டை அடிக்க வேண்டும். கவுண்டரில் நின்றபடி பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து யோசிப்பார்கள். மனைவிக்குப் பிடித்தது வேண்டும், ஊரிலிருந்து வரும் தங்கைக்குப் பிடித்தது வேண்டும், தனக்கென்று யாரிடமும் சொல்லாத ஒன்று வேண்டும். ஒரு ஆளின் மனது அந்தப் பன்னிரண்டு பாட்டில் தெரிந்துவிடும். பல பேரின் வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்று அவர்கள் வீட்டுக்காரர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பணமும் ஒரு காரணம். வெற்றுக் கேசட், பதிவுக் கூலி இரண்டும் சேர்ந்தால் மாதச் சம்பளக்காரருக்கே யோசிக்க வேண்டிய செலவு. அதனால் ஒரு கேசட்டை வாங்கினால் ஆறு மாதம் அதையே கேட்பார்கள். பிடிக்காத பாட்டையும் தாண்டிப் போக முடியாது. வேகமாக ஓட்டினால் டேப் சிக்கிக்கொள்ளும் என்ற பயம். அப்படிக் கேட்டுக் கேட்டு முதலில் பிடிக்காத பாட்டும் மூன்றாவது மாதம் பிடித்துவிடும். இன்றைக்கு ஒரு பாட்டுக்கு நாம் கொடுப்பது இருபது விநாடி. பிடித்தால் கேட்கிறோம், இல்லையென்றால் அடுத்தது. இப்போதைய பாட்டு ஒட்டவில்லை என்கிறீர்களே, ஒரு மாதம் ஒரே பன்னிரண்டு புதுப் பாட்டை மட்டும் கேட்டுப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன். ஐந்து ஒட்டிக்கொண்டன. எங்கள் காலத்துக் கணக்குக்கு அது குறைந்த விகிதம் இல்லை.

அதற்காக எல்லாம் வயதின் வேலை என்று நான் சொல்லவில்லை. அன்றைய பதிவில் இன்று கிடைக்காத ஒன்று இருந்தது. வயலின்காரர்கள், தபேலாக்காரர், புல்லாங்குழல்காரர், பாடகர் எல்லாரும் ஒரே நேரத்தில் ஸ்டுடியோவில் கூடி ஒரே மூச்சில் வாசித்துப் பாடுவார்கள். ஒருவர் தவறினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த விழிப்பு பதிவில் கேட்கும். ஒருவர் வாசிப்பதை மற்றவர் காதால் பின்தொடர்வது கேட்கும். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிந்து அடுக்கும் முறை வந்தது. அதில் வேறு அழகுகள் வந்தன, மறுக்கமாட்டேன். ஆனால் நாற்பது பேர் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கும் அந்தச் சத்தம் எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

வரிசை என்றேன். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டின் முதல் சுரம் உங்கள் மனதில் தானாக வரும், கவனித்திருக்கிறீர்களா? போனில் அதே பாட்டைக் கேட்கும்போது முடிந்தவுடன் எதையோ எதிர்பார்த்து ஏமாந்துபோவீர்கள். அது உங்கள் வீட்டுக் கேசட்டின் அடுத்த பாட்டு. உலகத்தில் வேறு எந்தக் கேசட்டிலும் அந்த இரண்டு பாட்டும் அடுத்தடுத்து இருந்திருக்காது. உங்கள் அப்பா ஒரு சாயங்காலம் கவுண்டரில் நின்று போட்ட வரிசை அது.

இனி ஒரு கேசட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அல்சூர் ஏரிக்கரையை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் மையம் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் படை வீரர்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள், அதிகாரிகள்கூட அப்படித்தான். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் நிறைய. பயிற்சி முடிந்து வடக்கே எல்லைக்குப் போகுமுன் எங்கள் கடைக்கு வருவார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு கேசட், அதில் ஆளுக்கு மூன்று பாட்டு. யாருக்கு எந்தப் பாட்டு என்று சண்டை நடக்கும். பனிமலையில் நாலு பேரும் ஒரே பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அடுத்தவன் பாட்டையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

1987 என்று நினைவு. ஒரு அம்மா வந்தார். மகன் சாப்பர்ஸில் சேர்ந்து வடக்கே போய் ஒரு வருடம் ஆகிறது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகனுக்குப் பிடித்த பாட்டுகளைப் பதிந்து அனுப்ப வேண்டும், கடைசியில் தான் பேச வேண்டும், அதற்கு இடம் விட முடியுமா என்று கேட்டார். பி பக்கத்தில், அதாவது கேசட்டின் இரண்டாவது பக்கத்தில், இரண்டு பாட்டைக் குறைத்துக்கொண்டேன். கடையின் உள்ளறையில் அவரை உட்கார வைத்து மைக்கை முன்னால் வைத்தேன். ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் போயிற்று. பேசவே இல்லை. சைகை காட்டினேன். “இப்ப அவனுக்குக் கேக்குதா?” என்று என்னிடம் கேட்டார். “இப்ப இல்லம்மா, அங்க போனதும் கேக்கும்” என்றேன். அதுவும் பதிவாகியது. பிறகு பேசினார். எருமை கன்று போட்டது, அத்தை வீட்டுக் கூரை மாற்றியது, அவன் அனுப்பிய பணம் வந்தது. ஏழு நிமிடம். அழிக்கட்டுமா, முதலிலிருந்து பேசுகிறீர்களா என்றேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். அந்த ஒரு நிமிட மௌனத்தை வெட்டாமல்தான் அனுப்பினோம். பெட்டியில் வைத்து, மேலே துணி சுற்றித் தைத்து, விலாசத்தை நான் எழுதினேன்.

அந்தப் பையன் இரண்டு வருடம் கழித்து விடுப்பில் வந்தபோது கடைக்கு வந்தான். பாட்டுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “அண்ணா, நீங்க பேசுறதும் அதுல இருக்கு. அங்க இருக்கற எல்லாருக்கும் உங்க குரல் தெரியும்” என்றான்.

பெங்களூர்த் தமிழர்களுக்கு மட்டும் இன்னொரு விஷயமும் உண்டு. நம் நினைவில் இருக்கும் பாட்டில் பாதிக்கு இரண்டு மொழி. கன்னட சினிமாவில் ராஜ்குமாருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர் பி.பி.ஸ்ரீனிவாஸ். இளையராஜா தனியாக இசையமைக்கத் தொடங்குமுன் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். அந்த வெங்கடேஷ் நிறையக் கன்னடப் படங்களுக்கு இசையமைத்தவர். எங்கள் கடைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் மண்டியா பக்கத்துக்காரர். 1984-இல் ‘நூறாவது நாள்’ பாட்டு வந்த அன்று நான் சத்தமாக வைத்திருந்தேன். ‘விழியிலே மணி விழியில்’ தொடங்கியதும் கையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபோடு உள்ளே வந்தார். “ஸ்வாமி, இது நம்ம ஹாடு!” என்றார். கன்னடத்தில் ஹாடு என்றால் பாட்டு. நான் இல்லை என்றேன். அவர் வீட்டுக்குப் போய் ரெக்கார்டைக் கொண்டுவந்து வைத்தார். 1981-இல் சங்கர் நாக் நடித்த ‘கீதா’ என்ற கன்னடப் படம். ‘ஜொதெயலி’ பாட்டு. அதே மெட்டு, அதே இளையராஜா. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். 2007-இல் அதே மெட்டு ‘சீனி கம்’ படத்தில் இந்திக்கும் போனது. அந்தச் செய்தியைச் சொல்ல அவரைத்தான் முதலில் கூப்பிட்டேன்.

1991 டிசம்பர் 12, 13 தேதிகளில் இந்த ஊரில் என்ன நடந்தது என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்ததை ஒட்டி நடந்த கலவரம். தமிழ்ப் பெயர்ப் பலகை இருந்த கடைகளையெல்லாம் தேடினார்கள். அந்த ராத்திரி சைக்கிள் கடைக்காரர் பின்வாசல் வழியாக வந்தார். அவரும் அவர் மகனும் என் ரெக்கார்டுகளை நாலு அட்டைப் பெட்டியில் போட்டுத் தங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பலகையை அவரே கழற்றி உள்ளே வைத்தார். இரண்டு வாரம் கழித்துப் பெட்டிகள் திரும்பி வந்தபோது ஒரு ரெக்கார்டில்கூடக் கீறல் இல்லை. அப்புறமும் பல மாதம் கடையில் தமிழ்ப் பாட்டைச் சத்தமாக வைக்கவில்லை. வாடிக்கையாளர்கள் ஹெட்போனில் கேட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மாதங்களில் பதிந்த கேசட்டுகளில் வரிசையே வேறு மாதிரி இருக்கும். ஆடவைக்கும் பாட்டை ஒருவரும் கேட்கவில்லை. என் நோட்டில் அது தெரிகிறது.

போனில் கேட்டால் ஏன் அதே மாதிரி இல்லை என்று பலர் கேட்பார்கள். அதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. கேசட் டேப் ஒரு விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். வீட்டு டேப்ரிகார்டர்கள் பல அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடும். மூன்று சதவீதம் கூடினாலே பாட்டு அரைச் சுரத்தில் பாதி அளவுக்கு உயர்ந்துவிடும். நீங்கள் பத்து வருடம் அப்படியே கேட்டுப் பழகியிருந்தால் இப்போது சரியான வேகத்தில் வரும் பாட்டு உங்களுக்கு மந்தமாகத் தோன்றும். அதேபோல், பாட்டு தொடங்குவதற்கு ஒரு கணம் முன்பு அதன் முதல் வரி மிக மெலிதாகக் கேட்கும், நினைவிருக்கிறதா? டேப் சுருளில் ஒரு அடுக்கின் காந்தம் அடுத்த அடுக்கில் பதிந்துவிடுவதால் வருவது அது. வருடக்கணக்கில் சுற்றியபடியே கிடக்கும் கேசட்டில் இன்னும் அதிகமாக இருக்கும். என் மகளுக்குச் சின்ன வயதில் அந்த மெல்லிய சத்தம்தான் பாட்டின் தொடக்கம். இன்று அது இல்லாமல் கேட்டால் கதவைத் தட்டாமல் யாரோ உள்ளே வந்ததுபோல் இருக்கிறது என்கிறாள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

முதலில் எந்தக் கேசட்டையும் அவசரப்பட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். முதுகுப் பக்கத்தில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவை உடைக்காமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. அடுத்து வெளிச்சத்தில் பிடித்து டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக இருந்தால் பூஞ்சை. பெங்களூர் ஈரத்துக்குப் பரணில் அது வரும். அதைத் தனியாக எடுத்து வையுங்கள், மற்றவற்றோடு ஒரே டெக்கில், அதாவது கேசட் ஓட்டும் கருவியில், போடக் கூடாது. டேப்பின் பின்னால் ஒரு சின்னச் செப்புத் தகட்டில் ஒட்டிய பஞ்சுத் துண்டு இருக்க வேண்டும். அது உதிர்ந்திருந்தால் சத்தம் மங்கலாக வரும். வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். தொண்ணூறு நிமிடக் கேசட்டுகளில் டேப் மிக மெல்லியது, கவனம். எல்லாவற்றையும் ஒருமுறை முழுக்க முன்னே ஓட்டி, மறுபடி பின்னே ஓட்டிவிட்டுக் கேளுங்கள். ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் விட்டுக்கொடுக்கும்.

டெக்கில் டேப் உரசிப் போகும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கேசட்டுக்கு ஒருமுறை துடைத்தாலும் தப்பில்லை. சத்தம் மூடினாற்போல் வந்தால் ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை ஒரு மயிரிழை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். சிம்பல் சத்தம் பளிச்சென்று திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்தக் கேசட் எந்த மெஷினில் பதிவானதோ அதன் கோணம் அது. பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுவது இதைத்தான், பலன் அதிகம் தருவதும் இதுதான்.

கம்ப்யூட்டருக்கு ஏற்ற விலை குறைந்த யுஎஸ்பி ஆடியோ கருவி ஒன்றை டெக்கின் லைன் அவுட்டில் இணைத்து ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அதைக் குறைக்க வழியில்லை. வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆகட்டும். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், பிள்ளைகளையும் உட்கார வையுங்கள்.

பாட்டுப் பாட்டாக வெட்டாதீர்கள். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக வைத்திருங்கள். இரைச்சல் நீக்கும் வசதி எதையும் முதல் நகலில் பயன்படுத்தாதீர்கள். அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து, கோப்புக்கு அதே பேர் வையுங்கள். அப்பா கையெழுத்தில் தப்பாக எழுதியிருந்தால் தப்பாகவே இருக்கட்டும்.

ரேடியோவிலிருந்து பதிந்த கேசட்டுகளும் கட்டாயம் இருக்கும். அட்டையில் ஒன்றும் எழுதாமல் இருப்பவை பெரும்பாலும் அவைதான். அவற்றை முதலில் எடுங்கள். இலங்கை வானொலியின் சிற்றலை ஒலி ஏறி இறங்கி, கடல் அலைபோல் வரும். நடுவில் அறிவிப்பாளர் குரல், பிறந்தநாள் வாழ்த்து, பின்னணியில் உங்கள் வீட்டு மிக்சி, யாரோ யாரையோ கூப்பிடுவது. அதெல்லாம் வேறு எங்கும் கிடைக்காது.

பி பக்கத்தில் கடைசிப் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். டேப் தானே நிற்கும்வரை ஓடட்டும். அந்தக் கடைசி இரண்டு மூன்று நிமிட வெற்றிடத்தில்தான் குழந்தைகளைப் பாடவைத்திருப்பார்கள், பாட்டியைப் பேசவைத்திருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. அட்டையின் உள்பக்கம், கீழ் மூலையில் பச்சை மையில் வட்டம் போட்டு ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது எங்கள் கடைக் கேசட். அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். நோட்டில் எடுத்துப் பார்த்து, உங்கள் அப்பா எந்தத் தேதியில் வந்தார், தாளில் என்னென்ன பாட்டு எழுதிக்கொண்டு வந்தார், இடமில்லாமல் எந்த எட்டை அடித்தார் என்று சொல்கிறேன்.